மரத்துக்கு அந்தாண்டை

வீரையன் இலுப்பை மரத்துக்கு அந்தாண்டை போனது அறுபத்தேழாம் வருஷம் ஐப்பசியில், குறுவை அறுப்பின்போது. அதற்குப் பிறகு எந்தப் பக்கத்திலிருந்து போய்ப் பார்த்தாலும் அவன் மரத்துக்கு அந்தாண்டைதான் இருந்தான். பாலக்கட்டளையில் அந்த வருஷம் வேறு காரியங்களும் நடந்தன. சென்னையில் ஆட்சி மாறியது. கீழ்வேளூர் ரோட்டுக்கு ஜல்லி கொட்டினார்கள். துரைராசு பண்ணையார் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கி அறுப்பை நடத்தினார். கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டிருந்த உள்ளூர் ஆட்கள் வரப்பில் செங்கொடியை ஊன்றிவிட்டுக் களத்தை மறித்தார்கள். தள்ளுமுள்ளு ஆயிற்று. அடங்கியபோது பண்ணையின் காரியக்காரர் சிங்காரவேலுவின் தம்பி இராஜாங்கம் வைக்கோல் மேல் செத்துக் கிடந்தான். யார் கை அரிவாள் என்று யாருக்கும் தெரியாது. அறுப்புக் காலம், எல்லார் கையிலும் அரிவாள் இருந்தது. ஆனால் கொடியைத் தூக்கிப் பிடித்தவன் வீரையன், தொண்டையும் அவனுக்குத்தான் பெரிசு. சிங்காரவேலு அவன் பேரைச் சொன்னார். போலீசும் அதையே எழுதிக்கொண்டது.

வீரையன் ஓடினான். அறுத்துப் போட்ட வயல் உள்ளங்கை மாதிரி வெறித்துக் கிடந்தது. ஒளிய ஒரு புதர் கிடையாது. நடுவயலில் அந்த ஒற்றை இலுப்பைதான் நின்றது. கோயில் விளக்குக்கு எண்ணெய் ஆட்டுவதற்கென்று எந்தக் காலத்திலோ சாமிக்கு விட்ட மரம், இரண்டு பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடியும். அவன் அதற்குப் பின்னால் போனான். துரத்தி வந்த பண்ணை ஆட்கள் கெட்டிக்காரர்கள். ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து சுற்றி ஓடினார்கள், மறுபக்கத்தில் ஒருவர் மண்டையில் ஒருவர் முட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். வீரையன் மூச்சு வாங்குவது மட்டும் எல்லாருக்கும் கேட்டது. மறுநாள் வேனில் வந்த இன்ஸ்பெக்டர் மரத்தைச் சுற்றி வட்டமாகப் போலீஸ்காரர்களை நிறுத்தி, ஆள் எங்கே என்று கேட்டார். ஒவ்வொருவரும் தனக்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பதாகச் சொன்னார். அவர் வட்டத்தைச் சுற்றி நடந்து பார்த்தார், அவருக்கும் அப்படித்தான் இருந்தது. ஆள் தலைமறைவு என்று எழுதிக்கொண்டு போனார். அதில் ஒன்றும் பொய்யில்லை.

வீரையனின் பெண்டாட்டி நீலாம்பாளுக்கு அப்போது ஐந்து மாதம். அவள் ஊர் கூடி வேடிக்கை பார்த்து ஓய்ந்த பிறகு, கஞ்சித் தூக்கோடு போய் மரத்தின் முன்னால் நின்றாள். "எல்லாரும் போயிட்டாங்கய்யா. நான்தான். வா" என்றாள். "வரணும்னுதான் பாக்குறேன் புள்ள. நீ இந்தாண்ட வந்தா எங்காலு தானா அந்தாண்ட போவுது" என்றது குரல். அவள் சுற்றினாள், அவனும் சுற்றினான். அவள் நின்றாள், அவனும் நின்றான். பயம் தலையிலிருந்து இறங்கிக் காலுக்குப் போய்விட்டிருந்தது, காலுக்குப் பெண்டாட்டியை அடையாளம் தெரியவில்லை. தூக்கை வேரடியில் வைத்துவிட்டுத் திரும்பி நின்றாள். கொஞ்ச நேரத்தில் அது காலியாகியிருந்தது. நீலாம்பாள் அங்கேயே உட்கார்ந்து ஒரு பாடு அழுதாள்.

அப்படி அழுதுகொண்டிருந்தபோதுதான் அவள் அந்த மரங்கொத்தியைக் கவனித்தாள். பொன் முதுகும் சிவப்புக் கொண்டையுமாக அந்த இலுப்பையிலேயே காலம் தள்ளும் பறவை. இவள் தலையைத் தூக்கியதும் அது கொத்துவதை விட்டுவிட்டு, பட்டையைப் பிடித்தபடியே நகர்ந்து நகர்ந்து மறுபக்கம் போய்விட்டது. இவள் எழுந்து அந்தப் பக்கம் போனாள். அது இந்தப் பக்கம் வந்தது. மூக்கையும் ஒரு கண்ணையும் மட்டும் நீட்டி இவள் இன்னும் இருக்கிறாளா என்று பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டது. பிறந்தது முதல் பார்த்த பறவைதான், ஆனாலும் அன்றைக்குத்தான் பார்த்தாள். அதன் பிறகு தினமும் பார்த்தாள். அது அடிமரத்தில் வந்து ஒட்டும். விறைத்த வாலை முட்டுக்கொடுத்து, எறும்பையும் புழுவையும் நாக்கால் இழுத்தபடி, தட்டித் தட்டிச் சுற்றிச் சுற்றி மேலே போகும். மேலேதான் போகும். வேண்டுமானால் வால் பக்கமாக ஓரடி சறுக்கும், அதற்கு மேல் இறங்காது. உச்சிக்குப் போனதும் கிகிகிகி என்று ஒரு சிரிப்பு. பிறகு ஏறியிறங்கி ஏறியிறங்கிப் பறந்துபோய் அடுத்த மரத்தின் அடியில் ஒட்டும். முட்டை வைத்த நாட்களில் இருட்டினதும் ஆண் பறவைதான் பொந்துக்குள் அடைந்து காவல் இருக்கும். இதையெல்லாம் நீலாம்பாள் ஒரு வருஷத்தில் தெரிந்துகொண்டாள்.

அந்த ஒரு வருஷத்தில் இன்னொன்றும் தெரிந்தது. வீரையனின் குரல் முதலில் அவள் காது உயரத்திலிருந்து வந்தது. தை மாதம் தலைக்கு மேலிருந்து வந்தது. பொன்னுத்தாய் பிறந்து, குழந்தையை எடுத்துக்கொண்டுபோய் மரத்தின் முன்னால் காட்டியபோது, "காது யாரு மாதிரி இருக்கு?" என்று இன்னும் கொஞ்சம் மேலேயிருந்து கேட்டான். "ஒன்ன மாதிரிதான், மொறம் கணக்கா" என்றாள் இவள். மரங்கொத்தி மாதிரி அவனும் ஏறிக்கொண்டிருந்தான். ஏறுவது அவனுக்கே தெரியாமல், நகம் வளர்வது போல நடந்துகொண்டிருந்தது. பிற்பாடு தூக்குச்சட்டியைத் தொரட்டிக் கம்பில் மாட்டி மேலே நீட்ட வேண்டியதாயிற்று. நீலாம்பாளுக்கு அன்றைக்கு ஏறிய பயம் பிறகு இறங்கவேயில்லை. உச்சிக்குப் போய்விட்டால்? நடுவயலில் அடுத்த மரம் எங்கே இருக்கிறது?

பயத்துக்கு ஒரு முகமும் இருந்தது. சிங்காரவேலு தினமும் வெயில் ஏறும் நேரத்துக்கு வந்து, மரத்துக்கு எதிர்வரப்பில் துண்டை விரித்து உட்காருவார். தம்பியின் கருமாதி முடிந்த அன்று தீட்டிய அரிவாள் மடியில் இருக்கும். ஒரு கெட்ட வார்த்தை பேச மாட்டார், மரத்தையே பார்ப்பார். திட்டினால்கூடத் தேவலை என்று நீலாம்பாளுக்கு இருக்கும். அடுத்த வருஷம் மார்கழியில் வெண்மணிச் சேதி வந்தது. அதை இங்கே யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நீலாம்பாளும் மற்றக் கூலிக் குடும்பங்களும் இருந்த தெற்குத்தெருவில், குடிசையோடு கொளுத்திவிடுவார்களோ என்று ஒரு மாதம் யாரும் கூரைக்குக் கீழே படுக்கவில்லை, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வாய்க்கால் படுகையில் பனியில் கிடந்தார்கள். அந்த ஒரு மாதமும் சிங்காரவேலு வரப்புக்கு வருவதை நிறுத்தவில்லை.

தெற்குத்தெருவில் ஒரு மரம் கிடையாது. வெயிலுக்கு ஒதுங்க ஒரு முருங்கை கிடையாது. மனை பண்ணையாருடையது, குடிசை மட்டும் ஆளுடையது. மரம் வைத்தால் வேர் ஓடும், வேர் ஓடினால் பாத்தியதை ஓடும் என்று பண்ணைக்கு ஒரு சட்டம். பரங்கி போடலாம், அவரை போடலாம், ஒரு போகத்தில் காய்ந்துபோகிற எதையும் போடலாம். மரக்கன்று என்று ஒன்று தலை காட்டினால் காரியக்காரர் வந்து பிடுங்கிவிட்டு, அந்த வீட்டுக்காரனைக் கட்டிய துணியோடு வெளியே நிறுத்துவார். நீலாம்பாள் வேண்டுமென்றே செய்தாளா, தெரியாமல் செய்தாளா என்று பிற்காலத்தில் தெருவில் பேசிக்கொண்டார்கள். அவள் வேண்டுமென்றேதான் செய்தாள். அவரைப் பந்தலுக்கு நாலு கால் நட்டாள். மூன்று மூங்கில், ஒன்று பூவரசம் போத்து, நட்டால் வேர் பிடிக்கிற பச்சைக் கிளை. போத்து நட்ட பத்தாம் நாள் கணுவில் பச்சை கண்டது. அவள் நகத்தால் கிள்ளி எறிந்தாள். மறுநாள் இன்னொரு கணு. தினமும் விடிந்ததும் முதல் வேலை அதுதான். துளிர்த்ததையெல்லாம் கிள்ளி, கிள்ளிய இடத்தில் அடுப்புச் சாம்பலைத் தேய்த்து, உயிருள்ள மரத்தைச் செத்த கட்டையாகக் காட்டினாள். அது வளர வேண்டும் என்று வேண்டிக்கொண்டே, ஓர் இலை விடாமல் மேயும் ஆட்டைவிட மோசமாக அவளே அதை மொட்டையடித்தாள். கிள்ளும்போதெல்லாம் அவளுக்கு இரண்டு பயம். செத்தே போய்விட்டால் என்ன செய்வது என்று ஒன்று, சாகவில்லை என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது என்று இன்னொன்று. சிங்காரவேலு வாரம் ஒருமுறை தெருவைச் சுற்றி வருவார். ஒருநாள் அந்தப் போத்தைப் பிடித்து ஆட்டினார். அசையவில்லை.

"என்ன, ஆழமா நட்டுருக்க?"

"காத்துக்கு விழுவுதுங்க."

அவர் சாம்பல் ஒட்டிய விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு போனார். அவர் கை பட்ட இடத்தில் நீலாம்பாள் மறுபடியும் சாம்பலைத் தேய்த்தாள்.

எழுபத்தொன்றில் சென்னையில் ஒரு சட்டம் போட்டார்கள், குடியிருக்கிறவனுக்கே குடிமனை என்று. தெரு நம்பவில்லை. கொடுத்ததைத் திரும்பப் பிடுங்க இன்னொரு சட்டம் வரும் என்றுதான் நினைத்தது. ஆனாலும் தாலுகா ஆபீஸிலிருந்து ஆட்கள் வந்து சங்கிலி போட்டு அளந்தார்கள். வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டார்கள். நீலாம்பாள் வயலைக் காட்டி, "அந்தா, மரத்துக்கு அந்தாண்ட இருக்காரு" என்றாள். வந்தவர் வரப்பில் பாதி தூரம் போய், வெயில் தாங்காமல் திரும்பிவந்து, மனையை அவள் பேரிலேயே எழுதிவிட்டார். அன்று அவள் போத்தைக் கிள்ளவில்லை. மறுநாளும் கிள்ளவில்லை. இத்தனை வருஷம் அடக்கிவைத்த இலையெல்லாம் ஒரே வாரத்தில் வந்தது போல மரம் பச்சையாயிற்று. தெருவில் எல்லாரும் வந்து பார்த்துவிட்டு ஆளுக்கொரு கிளை ஒடித்துக்கொண்டு போய் நட்டார்கள்.

இலுப்பைக்குச் சாவு வந்தது மின்சாரத்தால். ஊர் ஊராகக் கம்பம் நட்டுக்கொண்டு வந்தவர்கள் பாலக்கட்டளைக்கும் வந்தார்கள். கோயில் கருவறையில் பல்பு எரிந்தது. சாமிக்கு இனி எண்ணெய் எதற்கு என்று தர்மகர்த்தாவான துரைராசு கேட்டார், பதில் சொல்லச் சாமிக்கு வாயில்லை. மரத்தை நாகூர் மரக்கடை ஹாஜா மைதீன் ஏலத்தில் எடுத்தார். எழுபத்துநாலு மாசியில் வெட்டுவது என்று பேச்சு. ஏலம் முடிந்த அன்று நீலாம்பாள் ஹாஜா மைதீனை வழிமறித்து, மரத்தில் ஆள் இருக்கிறதென்று சொன்னாள். அவர் நல்ல மனுஷர், அண்ணாந்து பார்த்தார். "சலாம் பாய்" என்றது உச்சிக்கிளையிலிருந்து ஒரு குரல். அவர் அந்தாண்டை போய்ப் பார்த்தார், திரும்பி வந்தார். "பணம் கட்டியாச்சேம்மா. நான் விட்டா இன்னொருத்தன் வெட்டுவான். ஆளை எறங்கச் சொல்லு" என்றார். இறங்குவதுதான் முடியாதே என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அவள் மரத்தடிக்குப் போய் அண்ணாந்தாள்.

"புள்ள, மேல இனிமே கெளை இல்ல" என்றான் வீரையன். குரல் கிழிந்திருந்தது. அவன் அழுவதை அவள் கல்யாணத்திலிருந்து இதுவரை கேட்டதில்லை.

"நம்ம மனையில மரம் வச்சிருக்கேன்யா. குருவி போற மாரி அதும் அடிக்கு வந்துடு."

"எம்மாம் பருமன் இருக்கும்?"

தொடைப் பருமன்தான் இருந்தது. "ஒனக்குத் தாராளம்" என்றாள் அவள்.

வெட்டு அன்று ஊரே வயலில் கூடியது. அறுப்பு முடிந்து நெல் தாள் காய்ந்து கிடந்தது. கிளைகளைக் கழித்து, கயிறு கட்டி, அடியில் கோடாலி போட்டார்கள். சிங்காரவேலு அரிவாளோடு முன்னால் நின்றார். ஆறு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தது இந்த ஒரு நேரத்துக்குத்தான். மரம் விழுந்த பிறகு மரத்துக்கு அந்தாண்டை என்று ஒன்று இருக்காது. நீலாம்பாள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு நின்றாள். மரம் முனகியது, சாய்ந்தது. கூட்டம் விலகி ஓடிய நேரத்தில் கிகிகிகி என்று மரங்கொத்தி கிளம்பி, ஏறியிறங்கி ஏறியிறங்கித் தெற்குத்தெருப் பக்கம் போனது. புழுதி அடங்கியபோது வெட்டுவாயின் வெள்ளையும் வானமும்தான் இருந்தன, ஆள் இல்லை. கூட்டம் பெருமூச்சு விட்டது, சிலர் சிரிக்கக்கூடச் செய்தார்கள். சிங்காரவேலு சிரிக்கவில்லை. குனிந்து விழுந்து கிடந்த மரத்தின் பட்டையைப் பார்த்தார். அடியிலிருந்து உச்சி வரைக்கும் இரண்டு பாதம் வைத்து வைத்து மழுங்கிய தடம், சுற்றிச் சுற்றி ஏறியிருந்தது. விரலை வைத்து அதன் மேலேயே நடந்துபோனார். உச்சிக்குப் போனதும் நிமிர்ந்து, பறவை போன திக்கைப் பார்த்தார்.

அவர் வரப்பு வழியாக நடந்தார். நீலாம்பாள் வயலுக்குக் குறுக்கே ஓடினாள். தாள் குத்திக் காலெல்லாம் ரத்தம். மனை வாசலின் மூங்கில் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது பூவரசின் அடியில் மரங்கொத்தி ஒட்டிக்கொண்டிருந்தது. மரத்துக்கு அந்தாண்டை வீரையன் நின்றிருந்தான். முகத்தின் நடுப்பகுதியை மட்டும் மரம் மறைத்தது. இரண்டு பக்கமும் இரண்டு காது, இரண்டு தோள், இரண்டு முழங்கை. ஆறு வருஷத்துக்குப் பிறகு அவள் புருஷனை அவ்வளவு பார்த்தாள். "பொய் சொல்லிட்டியே புள்ள" என்றான். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பொன்னுத்தாய் எழுந்து வந்து, அந்தக் காதைப் பார்த்துவிட்டுத் தன் காதைத் தொட்டுக்கொண்டாள். சந்தோஷப்பட நேரமில்லை. வரப்பு முனையில் வெள்ளை வேட்டி தெரிந்தது. நீலாம்பாள் திரும்பி, மரத்தில் முதுகை ஒட்டி நின்று, முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். அவளும் மரமும் சேர்ந்தால் ஓர் ஆளை மறைக்கிற அகலம் வந்தது.

சிங்காரவேலு படலுக்கு வந்தார். "ஏ, வெலகு" என்றார். அவள் விலகவில்லை. தண்ணீர் கேட்கிற குரலில்தான் பேச்சு வந்தது.

"இது என் மனைங்க. படலத் தாண்டாதீங்க."

அவர் அந்தத் தெருவில் எத்தனையோ படலைக் காலால் எத்தித் திறந்தவர். இதற்கும் காலைத் தூக்கத்தான் செய்தார். தூக்கிய கால் அப்படியே நின்றது. அவருக்கே அது ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும், குனிந்து தன் காலைப் பார்த்தார். தெருவில் ஒவ்வொரு வாசலிலும் ஒரு பூவரசு நின்றது, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆட்கள் வந்து நின்றார்கள். அவர் காலைக் கீழே வைத்தார், படலுக்கு வெளியிலேயே வைத்தார். துண்டை விரித்து எதிரே உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு வருஷங்கள் அப்படியே போயின. அவர் வெயில் ஏறும் நேரத்துக்கு வருவார், இவள் மரத்தின் முன்னால் நிற்பாள். உலக்கையை அங்கேயே கொண்டுவந்தாள், அடுப்பை அங்கேயே போட்டாள். கூலி வேலைக்குப் போகிற நாளில் தெருப் பெண்கள் முறை வைத்து நின்றார்கள். எழுபத்தேழு புயலில் கடல் பக்கத்து ஊரெல்லாம் போயிற்று, தெருவில் பாதி மரம் சாய்ந்தது. அன்று நீலாம்பாள் முன்பக்கமிருந்து பூவரசைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள், வீரையன் பின்பக்கமிருந்து கட்டிப்பிடித்துக்கொண்டான். விரலும் விரலும் தொட்டன. காற்று அடங்கும் வரை இருவரும் விடவில்லை, அடங்கிய பிறகும் கொஞ்ச நேரம் விடவில்லை. புயலுக்கு மறுநாளும் சிங்காரவேலு வந்தார். முதல்முறையாக வீரையனிடம் வாயைத் திறந்து, "எந்தம்பியக் குத்துனது யாருடா?" என்று கேட்டார்.

"தெரியலீங்க. நான் கீழ விழுந்து கெடந்தேன்" என்றான் வீரையன்.

"பொய்யா நெசமான்னு மூஞ்சியப் பாத்தா எனக்குத் தெரியும். மூஞ்சியக் காட்டு."

அதுதான் முடியாத காரியம். அவர் நெடுநேரம் காத்திருந்துவிட்டு அரிவாளை எடுத்துக்கொண்டு போனார். செத்துப்போகிற வருஷம் வரை அந்தக் கேள்வியை அவ்வப்போது கேட்டார், அதே பதில் கிடைத்தது. அவர் செத்த பிறகும் நீலாம்பாள் மரத்தின் முன்னால்தான் உலை வைத்தாள். அவர் போனார், வாரன்ட் இருக்கிறது. வாரன்ட் போனாலும் வேறு ஏதாவது வரும். பயத்துக்கு ஒரே முகம்தானா என்ன?

மரம் பருத்தது. அவள் வார்த்த தண்ணீருக்கும் போட்ட எருவுக்கும் பருக்காமல் என்ன செய்யும்? முதலில் முழங்கைகள் மறைந்தன. பொன்னுத்தாய்க்குக் கல்யாணம் நடந்தபோது வலது காது மட்டும் தெரிந்தது, மாப்பிள்ளை அதைப் பார்த்துத்தான் கும்பிட்டான். அடுத்த கோடையில் அதுவும் போயிற்று. கடைசியில் இடது தோளில் ஒரு விரற்கடை, சின்ன வயதில் மாடு முட்டிய தழும்போடு, மரத்தின் ஓரத்தில் தெரிந்துகொண்டிருந்தது. காலையில் எழுந்ததும் அது இருக்கிறதா என்று பார்ப்பாள். எண்பத்தேழு ஆடியில் ஒருநாள் பார்த்தபோது இல்லை. மரம் முழுசாக மறைத்துவிட்டது, இனி யார் எங்கே நின்றாலும் தெரியாது. மரத்துக்கு அந்தாண்டை வீரையன் இருமினான். அடிமரத்தில் ஒரு மரங்கொத்தி, அந்தப் பழைய பறவையின் பேரனோ யாரோ, தட்டித் தட்டி ஏறத் தொடங்கியிருந்தது. நீலாம்பாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய், வாய்க்காலிலிருந்து வழக்கத்தைவிட ஒரு குடம் தண்ணீர் கூடுதலாகக் கொண்டுவந்து மரத்துக்கு ஊற்றினாள்.